ஜனவரியில் போய்ப் பாருங்கள்

வணக்கம் சார்,

நானும் மனைவியும் பல வருடங்களாக லெஸ்டரில் இருக்கிறோம். அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறேன். இங்குள்ள குளிரும் மூட்டுவலியும் போதும் என்றாகிவிட்டது. போர்ச்சுகலில் தவிரா, ஸ்பெயினில் அலிகாண்டே, இரண்டில் ஒன்றுக்குக் குடிபோக எண்ணம். வருடத்தில் 300 நாள் வெயில் என்கிறார்கள். விசா, வரி, மருத்துவம், வீட்டு விலை எல்லாவற்றுக்கும் எக்செல்லில் மார்க் போட்டேன். வரிச்சலுகையால் தவிரா ஒரு மார்க் முந்துகிறது. மொட்டைமாடியிலிருந்து கடல் தெரியும் பழைய வீடு ஒன்றை ஆன்லைனில் பார்த்துவைத்திருக்கிறேன். மனைவிக்கு எங்கே என்றாலும் சம்மதம். எந்த ஊருக்குப் போகலாம்?

கே., லெஸ்டர்

அன்புள்ள கே.,

இந்த மாதிரிக் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை, நான் விசா ஏஜென்ட் இல்லை. ஆனால் தவிராவில் வீடு வாங்கிய நண்பர் ஒருவர், அதை விற்றுவிட்டதாகப் போன வாரம்தான் போன் செய்தார். அவரும் இங்கிலாந்திலிருந்து போனவர். அவருக்கும் மூட்டுவலி.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். பென்ஷன் போன்ற வருமானத்தோடு வந்து தங்குகிறவர்களுக்குப் போர்ச்சுகல் தருவது டி7 விசா. 2025-ல் அதற்கு மாதம் 870 யூரோ வருமானம் காட்ட வேண்டியிருந்தது, மனைவிக்கு அதில் பாதி கூடுதலாக. ஸ்பெயினில் வேலை பார்க்காமல் தங்கும் விசாவுக்கு அப்போது மாதம் 2,400 யூரோ, மனைவிக்கு இன்னும் 600. பிரிட்டிஷ் அரசு பென்ஷன் வாங்குகிறவர் என்றால் மருத்துவச் செலவு விஷயத்தில் இரண்டு நாடும் ஒன்றுதான். நீங்கள் மார்க் போட்ட போர்ச்சுகல் வரிச்சலுகையோ 2024-லேயே புதிதாக வருகிறவர்களுக்கு மூடப்பட்டுவிட்டது. ஆக அந்த ஒரு மார்க்கும் போயிற்று.

சரி, உங்கள் 300 நாள் வெயிலுக்கு வருகிறேன். நண்பர் வீட்டில் ஒரு ஜனவரியில் தங்கியிருந்தேன். மதியம் தெருவில் அருமையான வெயில். ஆற்றங்கரைக் காபிக் கடையில் சட்டையோடு உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்குள் நுழைந்ததும் நண்பர் ஸ்வெட்டரை எடுத்து மாட்டினார். வெளியிலிருந்து உள்ளே வந்தால் ஸ்வெட்டர்! டைல்ஸ் தரை பாதத்தைச் சுட்டது, குளிரால். அறைக்கு அறை உருட்டிக்கொண்டு போக, உள்ளே சிலிண்டர் வைத்த கேஸ் ஹீட்டர் ஒன்று. ஈரத்தை உறிஞ்சும் மெஷின் இராத்திரி முழுக்க ஓடும், காலையில் அதன் தொட்டித் தண்ணீரைக் கொட்டுவது அவருடைய முதல் வேலை. கல்யாணத்துக்குப் போட்ட கோட்டைக் காட்டுகிறேன் என்று பீரோவைத் திறந்தார். தோளிலிருந்து கைவரை பச்சையாகப் பூசணம்.

இது அவர் துரதிர்ஷ்டம் இல்லை. அந்தக் கரையோரத்துப் பழைய வீடுகள் கோடையைத் தாங்கக் கட்டப்பட்டவை. வெயில் உள்ளே வராதபடி சின்ன ஜன்னல், சில்லென்ற தரை, வெப்பத்தைப் பிடித்துவைக்க எதுவும் இல்லாத சுவர். சமையல் ஆவியும் நம் மூச்சும் அந்தச் சுவரில் பட்டு நீராகும், பின்னாலேயே பூசணம் வரும். கட்டிடங்களின் வெப்பக்காப்புக்குப் போர்ச்சுகலில் முதல் விதி வந்ததே 1990-ல்தான். ஸ்பெயினில் 1979. நீங்கள் பார்த்துவைத்த வீடு அதற்கெல்லாம் முந்தியது என்றால் கேட்கவே வேண்டாம். 2023-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் வீட்டைப் போதுமான அளவு சூடாக வைத்துக்கொள்ள முடியாதவர்கள் அதிகம் இருந்த நாடுகள் எவை தெரியுமா? ஸ்பெயினும் போர்ச்சுகலும். இரண்டிலும் 20.8 சதவீதம். பின்லாந்தில் மூன்று சதவீதம்கூட இல்லை. லெஸ்டரில் வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு குளிரைத் திட்டுகிறீர்கள். அந்த ரேடியேட்டரைப் பற்றி உங்கள் எக்செல்லில் ஒரு வரி இருக்கிறதா? முழங்காலுக்கு வானிலை அறிக்கை தெரியாது ஐயா. இராத்திரி படுக்கையறை எப்படி இருக்கிறது என்பதுதான் அதற்குத் தெரியும்.

மொட்டைமாடிக் கடல் வேறு! தவிராவில் ஊரை ஒட்டி இருப்பது ஆறும் உப்பளமும். கடற்கரை எதிரே தீவில், படகேறிப் போக வேண்டும். படகில் ஏறி இறங்க முழங்கால் சம்மதிக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. "மனைவிக்கு எங்கே என்றாலும் சம்மதம்." இத்தனை கட்டம் போட்ட எக்செல்லில் அந்த அம்மாவுக்கு ஒரு கட்டம் இல்லை. லெஸ்டரில் அவருக்குக் கோயில் இருக்கிறது, பேசத் தமிழ்க் குரல் இருக்கிறது, கறிவேப்பிலை வாங்கக் கடை இருக்கிறது. போர்ச்சுகீஸ் மொழி கற்கப்போவது யார், நீங்களா? என் நண்பர் வீட்டை விற்றதற்குப் பூசணம் பாதிக் காரணம், மீதிக் காரணம் அவர் மனைவி அங்கே பேச ஆளில்லாமல் போனது. கோபித்துக்கொள்ளாதீர்கள். இத்தனை வருடம் உழைத்த மனிதர் நிம்மதியாக வெயிலில் உட்கார வேண்டும் என்பதுதான் என் ஆசையும்.

தவிராவோ அலிகாண்டேயோ, எதையும் இப்போது வாங்காதீர்கள். ஜனவரியில் இருவருமாகப் போய் வாடகைக்கு ஒரு மாதம் இருங்கள், ஹீட்டரைப் பற்றி முன்கூட்டியே எதுவும் கேட்காமல். அப்புறம் வீடு பார்க்கப் போனால் எரிசக்திச் சான்றிதழைக் கேளுங்கள், இரண்டு நாட்டிலும் விற்பவர் அதைக் காட்டியாக வேண்டும். அதில் ஏ என்றால் நல்ல வீடு, எஃப் போன்ற கடைசி எழுத்தாக இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். நல்ல எழுத்தாக இருந்தாலும் படுக்கையறை பீரோவை நகர்த்திப் பின்சுவரைப் பாருங்கள். வீட்டு ஏஜென்ட் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.