வாசகர் கேள்வி: வாடை அடங்கிவிட்டால் குழிக்குள் இறங்கலாமா?

கேள்வி: என் தம்பி கழிவுநீர்க் குழாய்களைத் துப்புரவு செய்யும் வேலையில் சேர்ந்திருக்கிறார். மேன்ஹோல் மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை வீசும் என்றும், சற்று நேரத்தில் அது அடங்கியதும் இறங்கிவிடலாம் என்றும் உடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்களாம். இது சரியா?
– வாசகி, ஜூரோங் வெஸ்ட்

பதில்: சரியன்று, உயிருக்கே உலை வைக்கும் நம்பிக்கை அது. அந்த வாடைக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடு, காற்றின் பத்து லட்சம் பங்கில் ஒரு பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால் 100 பங்கை நெருங்கும்போது முகரும் திறன் மரத்துப்போவதால், வாயு கூடிக்கொண்டிருக்கும் வேளையிலேயே வாடை நின்றுவிட்டதாகத் தோன்றும். 1,000 பங்கை எட்டினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சுருண்டு விழுந்துவிடுவார். காற்றைவிடக் கனமானது என்பதால் இவ்வாயு அடியில் தேங்கும். கசடுக்குள் அடைபட்டிருப்பதோ காலால் மிதித்துக் கிளறும்போதுதான் வெளிவரும். ஆகவே மூடிக்கு அருகே மட்டும் சோதித்துவிட்டு இறங்குவதும் வீண்தான்.

சிங்கப்பூரின் விதிமுறைப்படி, இத்தகைய அடைபட்ட இடத்தில் நுழைய எழுத்துமூல அனுமதி வேண்டும், ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். வெளியே ஒருவர் கண்காணித்துக்கொண்டே நிற்க வேண்டும். கேஸ் டிடெக்டரின் குழாயை மேல், நடு, அடி என மூன்று மட்டங்களிலும் இறக்கிப் பார்ப்பதே முறையான சோதனை. வேலை நடக்கும்போதும் அந்தக் கருவி உடலோடு இருக்க வேண்டும். 2024 மே மாதம் சுவா சூ காங் நீர்நிலையத்தில் தொட்டியைத் துப்புரவு செய்த ஊழியர் ஒருவர் இந்த வாயுவைச் சுவாசித்து இறந்ததை நீங்கள் செய்தியில் படித்திருக்கலாம். உள்ளே ஒருவர் விழுந்தால், தனிச் சுவாசக் கருவியும் பயிற்சியும் இல்லாதவர் பின்னாலேயே குதிக்கக் கூடாது; 995-ஐ அழைத்து, இடுப்புவார்க் கயிறு இருந்தால் வெளியிலிருந்தே இழுக்க வேண்டும். பதைப்பில் இறங்கிய இரண்டாமவரும் மாண்டுபோவது இத்தொழிலில் பலமுறை நடந்திருக்கிறது.

நோய்களைப் பொறுத்தவரை, கல்லீரல் அழற்சி ‘ஏ’, டெட்டனஸ் ஆகியவற்றுக்குத் தடுப்பூசி உண்டு. எலிக்காய்ச்சல்தான் ஏமாற்றும். எலியின் சிறுநீர் கலந்த நீர் கையிலுள்ள சிறு கீறல் வழியாகவும் கிருமியைச் சேர்த்துவிடும். 2 முதல் 30 நாள்களுக்குள் காய்ச்சலும், கெண்டைக்கால் வலியும், கண் சிவப்பும் தோன்றலாம். இங்கே காய்ச்சல் என்றதும் எவருக்கும் டெங்கிதான் முதலில் நினைவுக்கு வரும் என்பதால், தம்பி மருந்தகத்துக்குப் போனால் தாம் கழிவுநீரில் வேலை செய்பவர் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லச் சொல்லுங்கள்.