இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு ஜிஆர்பிசி எடுக்கலாமா?

அன்புள்ள மாணவருக்கு,

விடுதி மெஸ்ஸில் உணவு டோக்கன் பதியும் ஆண்ட்ராய்டு செயலியை ஜிஆர்பிசி (gRPC, ஒரு ப்ரோக்ராம் நெட்வொர்க் வழியே இன்னொரு கணினியில் உள்ள ஃபங்ஷனை அழைக்க உதவும் லைப்ரரி) கொண்டு உருவாக்கலாமா, அது வேலை கிடைக்க உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். கூகுள் 2015-இல் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்ட இந்த லைப்ரரியைப் பல நிறுவனங்கள் சர்வர்களுக்கு இடையிலான தொடர்புக்குப் பயன்படுத்துகின்றன என்பதால், மொபைலுக்காகக் கற்பது பேக்கெண்ட், அதாவது சர்வர் பக்க வேலைக்கும் கைகொடுக்கும். ஆயினும் செயலிகள் சர்வரோடு பேசப் பரவலாகப் பயன்படும் ரெஸ்ட் ஏபிஐ (REST API) முறை தெரியாமல் இதை மட்டும் கற்றுக்கொண்டு நேர்முகத் தேர்வுக்குச் செல்ல வேண்டாம்.

சேவையின் செயல்களையும், அவை பெறும், தரும் செய்திகளையும் ப்ரோட்டோ கோப்பில் (.proto என்று முடியும் வரையறைக் கோப்பு) எழுதிவிட்டால், செயலிக்கும் சர்வருக்கும் வேண்டிய கோட் வரிகளைக் கம்பைலர் என்ற கருவி உருவாக்கித் தரும். அந்தக் கோப்பில் செய்தியின் ஒவ்வொரு புலத்துக்கும் (பெயர், தேதி போன்ற ஒவ்வொரு தகவலுக்கும்) கொடுக்கும் எண்ணைப் பிறகு மாற்றக் கூடாது. செயலியின் பழைய பதிப்பை வைத்திருக்கும் மாணவரின் கைபேசி அந்த எண்ணைப் பழைய பொருளிலேயே படிக்கும். கணினியிலேயே கைபேசிபோல இயங்கும் ஆண்ட்ராய்டு எமுலேட்டரில் சோதிக்கும்போது லோக்கல்ஹோஸ்ட் என்பது எமுலேட்டரையே குறிக்கும் என்பதால், உங்கள் கணினியில் ஓடும் சர்வரை அடைய 10.0.2.2 என்ற முகவரியைத் தர வேண்டும்.

நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் வேறு. சர்வரை அழைப்பது கோடில் சாதாரண ஃபங்ஷனை அழைப்பதுபோலவே தெரியும். ஆனால் இடையில் நெட்வொர்க் இருக்கிறது. மாணவர் பொத்தானை அழுத்துகிறார், சர்வரும் டோக்கனைப் பதிந்துவிடுகிறது, பதில் வந்து சேர்வதற்குள் சிக்னல் போய்விடுகிறது. பதிலுக்குக் காத்திருக்கும் காலவரம்பான டெட்லைனை 5 விநாடி என்று வைத்திருந்தால், அது கடந்ததும் ‘டெட்லைன் எக்ஸீடட்’ என்ற நிலைதான் செயலிக்குக் கிடைக்கும்; டோக்கன் பதிவாயிற்றா என்பதை அது சொல்லாது. டெட்லைனே வைக்காவிட்டால் செயலி முடிவின்றிக் காத்துக்கிடக்க நேரலாம். யோசிக்காமல் மறுபடி அனுப்பினால் ஒரே சாப்பாட்டுக்கு இரண்டு டோக்கன் விழும். எனவே பொத்தானை அழுத்தியவுடனே செயலி ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்கி, எத்தனை முறை மறுபடி அனுப்பினாலும் அதையே அனுப்ப வேண்டும். அந்த எண்ணை ஏற்கெனவே கண்ட சர்வர், புதிதாக எதையும் பதியாமல் முன்பு தந்த பதிலையே திருப்பித் தர வேண்டும். மொபைல் வேலைக்கு ஆள் எடுப்பவர் உங்களிடம் பார்க்க விரும்புவது இந்தச் சிந்தனையைத்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஒரே அழைப்பில் பல செய்திகள் தொடர்ந்து வந்துபோகும் ஸ்ட்ரீமிங் அழைப்புகளைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் தந்தையார் கடன் வாங்கியாவது சேர்த்துவிட நினைக்கும் சான்றிதழ் வகுப்பு இதற்குத் தேவையில்லை. ஜிஆர்பிசியின் அதிகாரப்பூர்வத் தளத்திலேயே, ஆண்ட்ராய்டு செயலிகள் எழுதப் பயன்படும் கோட்லின் மொழிக்கான தொடக்கப் பாடம் இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் சர்வர் டோக்கனைப் பதிந்த பின், பதிலை மட்டும் வேண்டுமென்றே 10 விநாடி தாமதமாக அனுப்பும்படி செய்து, செயலி எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். அங்கே கண்டதையும் திருத்தியதையும் கோடைப் பகிரும் தளமான கிட்ஹபில், ப்ராஜெக்டை விளக்கும் ரீட்மீ கோப்பாக எழுதி, அதன் இணைப்பை ரெஸ்யூமேயில் ப்ராஜெக்ட் தலைப்புக்குக் கீழேயே கொடுங்கள்.