பிரசவ நேரத்தில் பக்கத்தில் யார் இருப்பது?

கேள்வி: ஒட்டுசுட்டானில் வசிக்கிறேன். முதற் பிள்ளை, 34 வாரம். கணவர் கட்டாரில், அம்மா உயிரோடு இல்லை. வெளிநாட்டில் ‘டூலா’ என்று ஒருவர் பிரசவத்தின்போது கூடவே இருப்பாராம். இங்கே எனக்கு யார்? பின்னேரங்களில் கால் வீங்குகிறது (கிளினிக்கில் பிறஷர் சரி என்றார்கள்), நெஞ்செரிகிறது, வயிற்றில் கருங்கோடு விழுந்திருக்கிறது. நோ தொடங்க ஆமணக்கெண்ணெய் குடிக்கலாம் என்கிறார் பெரியம்மா.

பதில்: உங்கள் பெரியம்மாதான் உங்களுக்கு டூலா. டூலா என்பவர் மருத்துவரும் அல்லர், மருத்துவ மாதும் அல்லர். அவர் பரிசோதிப்பதில்லை, மருந்து கொடுப்பதில்லை, தாயை விட்டு அகலாமல் இருப்பதே அவருடைய வேலை. 15,000க்கு மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான கொக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் சர்வதேச அமைப்பு) மீளாய்வு, இப்படித் தொடர்ந்து துணை கிடைத்த தாய்மாருக்குச் சிசேரியன் சத்திரசிகிச்சை குறைந்ததையும் பிரசவ நேரம் சற்றுச் சுருங்கியதையும் காட்டியது. தாய் விரும்பும் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2018இல் பரிந்துரைத்தது. அந்த ஒருவருக்குச் சான்றிதழ் தேவையில்லை. கட்டில் கம்பியை இறுகப் பற்றியபடி கத்திக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் நாரியை, அவளுடைய பாட்டி உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தித் தேய்த்து, நோ விட்ட இடைவெளியில் ஈரத்துணியால் உதட்டை ஒற்றியதைப் பார்த்திருக்கிறேன். சிறிது நேரத்தில் அவள் கம்பியை விட்டுப் பாட்டியின் கையைப் பிடித்தாள். துணையை அனுமதிக்கும் முறை வைத்தியசாலைக்கு வைத்தியசாலை வேறுபடுவதால், பெரியம்மா உள்ளே வரலாமா என்பதை அடுத்த கிளினிக்கிலேயே கேட்டு வையுங்கள்.

பின்னேர வீக்கம், நெஞ்செரிவு, கருங்கோடு மூன்றும் கர்ப்பத்தில் வழமையானவை, விட்டுவிடுங்கள். ஆமணக்கெண்ணெய் வேண்டவே வேண்டாம். அது வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் கொடுத்து, தெம்பு வேண்டிய நேரத்தில் உங்களைச் சோரவைக்கும்.

நீங்கள் எழுதாத ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: பிள்ளையின் துடிப்பு, அதாவது வயிற்றுக்குள் அதன் அசைவு. உங்கள் பிள்ளை எந்த நேரத்தில், எவ்வளவு அசையும் என்பது இதற்குள் உங்களுக்குப் பழகியிருக்கும். அந்த வழக்கத்திலிருந்து அசைவு குறைந்தாலோ நின்றாலோ, அன்றைக்கே, இரவானாலும், வைத்தியசாலைக்குப் போய்விட வேண்டும். மாதம் நிறைய நிறைய இடம் போதாமல் பிள்ளை அடங்கிவிடும் என்று ஊரில் சொல்வது தவறு. அசைவின் தன்மை மாறலாமே தவிர, கடைசி நாள்வரை அது குறையக் கூடாது. தொலைபேசிச் செயலியில் இதயத்துடிப்புக் கேட்கிறது என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். அதில் கேட்பது உங்களுடைய நாடியாகவே இருக்கக்கூடும். இனிப்புத் தண்ணீர் குடித்துவிட்டு விடியும்வரை பார்த்திருந்து வந்த தாய்மாரிடம் நான் கோபப்பட்டதுண்டு, அந்தக் கோபம் முழுவதும் பயம்.

ஆகவே பெரியம்மாவிடம் இந்தப் பொறுப்பையும் கொடுங்கள்: ஒவ்வொரு நாளும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, “பிள்ளை இன்றைக்கு எப்படி?” என்று அவர் உங்களைக் கேட்கட்டும். வழமைபோல் இல்லை என்று நீங்கள் சொன்னால், கட்டாருக்குச் செய்தி அனுப்பிப் பதிலுக்குக் காத்திராமல், உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்ஸை வரவழைக்கட்டும். கர்ப்பப் பதிவேடு கையில் இருக்கட்டும்.