நடுவட்டத்து மழையைக் குன்னூரில் ஊற்றலாமா?

*நீலகிரியில் ஓடும் ஓர் ஓடையின் நீர்வரத்தை ஸ்வாட் மாடலில் (மழையை வைத்து நீர்வரத்தைக் கணக்கிடும் கணினி நிரல்) போட்டு ஆய்வு செய்கிறேன். குன்னூர்ப் பக்கம் உள்ள ஒரு நிலையத்தின் தினசரி மழைக் கணக்கில் ஆங்காங்கே சில நாட்களும், இரண்டு மூன்று இடங்களில் முழு மாதமும் விடுபட்டிருக்கின்றன. அந்த இடங்களில் மைனஸ் 99 என்று போட்டுவிட்டால் மாடலே நிரப்பிக்கொள்ளும் என்கிறார்கள். அப்படியே விட்டுவிடலாமா?*
*– ஆராய்ச்சி மாணவி, கோவை*

நிரப்பிக்கொள்ளும், உண்மைதான். எதை வைத்து என்று பாருங்கள். அந்த நிலையத்தின் மாதச் சராசரி, மழைநாட்களின் எண்ணிக்கை, ஒரு நாள் பெய்தால் மறுநாளும் பெய்ய எவ்வளவு வாய்ப்பு என்ற புள்ளிவிவரங்களைக் கையில் வைத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல ஓர் எண்ணை எடுத்துப் போடும். அன்றைக்குப் பக்கத்து ஊரில் வெயில் அடித்ததா, மரம் சாய்ந்ததா என்பது அதற்குத் தெரியாது. பல வருடத்து மாதச் சராசரி மட்டும் போதும் என்றால் பெரிய பாதகமில்லை. ஓடையில் அளந்த தினசரி நீர்வரத்தோடு ஒப்பிடப்போகிறீர்கள் என்றால் வெள்ளம் ஒரு தேதியிலும் மழை வேறு தேதியிலும் நிற்கும். அப்புறம் அதைச் சரிக்கட்ட மண்ணின் எண்களை முறுக்கிக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பீர்கள்.

நிரப்புவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்த இடம் ஏன் காலியானது என்று தேடுங்கள். முடிந்தால் எக்ஸெல் கோப்பை மூடிவிட்டு மூலப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மழை இல்லாத நாளுக்கு எதுவும் எழுதாமல் விடுவது சில இடங்களில் வழக்கம். கணினியில் ஏற்றியவர் அதை விடுபட்ட நாள் என்று எடுத்துக்கொண்டிருப்பார். தலைகீழாகவும் நடக்கும்: அளக்கிற ஆள் லீவில் போன வாரம் முழுக்க வரிசையாக 0. ஜூலை மாதம் மழை கொட்டும் அவலாஞ்சியில் ஒரு வாரம் பூஜ்ஜியம் என்றால் யாராவது நம்புவார்களா? ஆனால் மாடல் நம்பிவிடும். காலியிடத்தையாவது பார்த்தவுடன் தெரிந்துகொள்ளலாம், பொய் பூஜ்ஜியம் கண்ணில் படாது.

இன்னொன்று, நான் 'திங்கட்கிழமை மழை' என்று சொல்வது. ஞாயிறு ஆள் வரமாட்டார். திங்கள் காலை மழைமானியில் இருக்கிற தண்ணீர் மொத்தத்தையும் அளந்து திங்கள் பேரில் எழுதிவிடுவார். கிழமைவாரியாக மொத்த மழையைக் கூட்டிப் பாருங்கள். மேகத்துக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது. பல வருடக் கணக்கில் ஞாயிறு மெலிந்து திங்கள் தூக்கலாக நின்றால் விஷயம் புரிந்துவிடும். அந்தத் திங்கள் எண்ணை, பக்கத்து நிலையத்தில் அந்த இரண்டு நாளும் பெய்த விகிதத்தில் பிரித்துப் போட்டால் போதும்.

தேதியையும் பாருங்கள். வானிலை ஆய்வுத் துறை காலை 8.30 மணிக்கு அளக்கிறது. அதற்கு முந்தைய 24 மணி நேர மழை, அளந்த நாளின் தேதியில் பதிவாகும். சில எஸ்டேட்டுகளில் அதையே முதல் நாள் பேரில் எழுதுவார்கள். இரண்டையும் அப்படியே சேர்த்தால் ஒரே மழை இரண்டு நாள் பெய்ததாகிவிடும். ஒரு கணக்கை ஒரு நாள் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து, எப்போது நன்றாக ஒட்டுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இதற்கெல்லாம் மேல் உண்மையிலேயே காலியாக இருக்கும் நாட்களுக்கு வருவோம். மலையில் 'பக்கத்து நிலையம்' என்பதை ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று தேவாலா, கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, தொட்டபெட்டாவைத் தாண்டும்போது கையை விரித்துவிடும். அக்டோபர், நவம்பரில் கதை மாறும். குன்னூர், கோத்தகிரி, கேத்தி நனையும். மேற்கே உள்ள நிலையத்தின் ஜூலை மழையை எடுத்துக் குன்னூரில் ஊற்றினால், காகிதத்தில் மட்டும் வெள்ளம் வரும். அதே சரிவில், அதே பருவக் காற்றை வாங்கும் நிலையம் கொஞ்சம் தள்ளி இருந்தாலும் அதுதான் உங்களுக்கு உறவு.

முறை என்று கேட்டால் இயல்பு விகித முறையே போதும் (இயல்பு என்பது பல வருடச் சராசரி மழை), வருட இயல்பை எடுக்காமல் அந்தந்த மாத இயல்பை எடுத்தால். உங்கள் நிலையத்துக்கு அக்டோபர் இயல்பு 300 மில்லிமீட்டர், பக்கத்து நிலையங்களுக்கு 250, 200 என்று வையுங்கள். விடுபட்ட நாளில் அங்கே 40, 24 பெய்திருக்கிறது. 40ஐ 300/250ஆல் பெருக்கினால் 48. 24ஐ 300/200ஆல் பெருக்கினால் 36. சராசரி 42. இதையே வருட இயல்பை வைத்துச் செய்தால் இரண்டு பருவமும் கலந்து, விகிதமே வேறாகிவிடும்.

இந்த முறையில் ஒரு கோளாறு உண்டு, அதைப் பற்றிப் பலர் பேசுவதில்லை. ஒரு நிலையத்தில் 30, இன்னொன்றில் 0 என்றால் நடுவே தூறல் மாதிரி ஓர் எண் வரும். இப்படி நிரப்பிக்கொண்டே போனால் மழைநாட்கள் கூடும், கனமழை குறையும். மாத மொத்தம் சரியாக இருக்கும், ஓடைக்கு வரும் தண்ணீர் இருக்காது. கர்வ் நம்பர் (எவ்வளவு மழை வழிந்தோடும் என்று மண்ணையும் நிலத்தையும் வைத்துச் சொல்லும் எண்) 70 உள்ள ஒரு சரிவில், வழிந்தோடுமுன் மண் வாங்கிக்கொள்ளும் பங்குக்கு வழக்கமான 0.2 குணகத்தோடு, ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் பெய்தால் சுமார் 33 மில்லிமீட்டர் வழிந்தோடும். அதே 100ஐ நாளுக்கு 25 வீதம் நான்கு நாளாகப் பிரித்தால் மொத்தமும் அரை மில்லிமீட்டர் தேறாது. (நாளாக நாளாக மண் நனைவதைக் கணக்கில் எடுத்தால் கொஞ்சம் கூடும். ஆனாலும் 33 எங்கே?) அதனால் முக்கால்வாசி நிலையங்களில் பெய்யாத நாளில் பூஜ்ஜியம் என்றே போடுங்கள், பெய்த நாளில் நன்றாக ஒத்துப்போகிற ஒரே நிலையத்தை எடுத்து விகிதத்தால் பெருக்குங்கள். கணக்கு கரடுமுரடாக இருக்கும். மழையும் அப்படித்தான்.

விடுபட்டது பெருமழை நாளென்றால் எந்தச் சூத்திரத்தையும் நம்ப வேண்டாம். 2009 நவம்பரில் கேத்தியிலும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியிலும் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பதிவானது. சுற்றியிருந்த நிலையங்களின் சராசரியை எடுத்திருந்தால் அந்த எண்கள் வந்தே இருக்காது. அப்படிப்பட்ட நாட்களுக்கு மின்வாரிய அணைகளின் மழைப் பதிவு, நீர்மட்டம், அன்றைய செய்தித்தாள் என்று தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லையா, அந்த வாரத்தை மாடலைச் சரிபார்க்கும் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, நிரப்பிய ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு நெடுவரிசை வைத்து, எங்கிருந்து வந்தது என்று குறியுங்கள். நல்ல பதிவு இருக்கும் ஒரு வருடத்தில் நீங்களே சில நாட்களை மறைத்து, உங்கள் முறையால் நிரப்பி, உண்மையோடு ஒப்பிடுங்கள். ஜூலைக்குத் தனியாக, நவம்பருக்குத் தனியாக. உங்கள் ஆய்வு வழிகாட்டி கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

*எங்கள் எஸ்டேட்டில் பழைய மழைப் பதிவேடுகள் இருக்கின்றன. இன்ச், சென்ட் கணக்கு. சில பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது. யாருக்காவது பயன்படுமா, எடைக்குப் போட்டுவிடலாமா?*
*– எஸ்டேட் அலுவலர், பந்தலூர்*

ஐயா, போட்டுவிடாதீர்கள்! முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுங்கள், கரையான் தின்ற பக்கத்தையும் சேர்த்து. நூறு சென்ட் ஓர் இன்ச், இன்ச்சை 25.4ஆல் பெருக்கினால் மில்லிமீட்டர். புள்ளி அழிந்த இடங்களில் மட்டும் கவனம்: 1.20 என்பது 120 ஆகிவிடும். மாத மொத்தம் கீழே எழுதியிருந்தால், தின்றுபோன ஒரு நாளைக் கழித்தே கண்டுபிடித்துவிடலாம்; இரண்டு நாள் என்றால் அவற்றின் கூட்டுத்தொகை மட்டும் தெரியும். மானியை இடம் மாற்றிய வருடம் உங்கள் பழைய ஆட்களுக்கு நினைவிருந்தால் அதையும் ஓரத்தில் எழுதிவையுங்கள். அந்த வருடத்திலிருந்து கணக்கு கோணிக்கொள்ளும். உங்கள் மழையையும் சுற்றுவட்டார நிலையங்களின் மழையையும் வருடாவருடம் கூட்டிக்கொண்டே போய், ஒன்றுக்கெதிரே மற்றொன்றை வைத்து வரைபடம் போட்டால் கோடு அங்கே மடங்குவது தெரியும்.

*செயற்கைக்கோள் மழைத் தரவு இலவசமாகக் கிடைக்கும்போது இந்தப் பாடு எதற்கு?*
*– வாசகர், கொடைக்கானல்*

எடுத்துக்கொள்ளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம். தரை நிலையங்களின் மழையைச் சதுரக் கட்டங்களாகப் பரப்பித் தரும் வானிலைத் துறையின் கட்டத் தரவில் ஒரு கட்டம் கால் டிகிரி, கிட்டத்தட்ட 27 கிலோமீட்டர். அவலாஞ்சியும் ஊட்டியும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடக்கூடிய அளவு. சிர்ப்ஸ் என்ற செயற்கைக்கோள் மழைத் தரவு ஐந்தாறு கிலோமீட்டர் வரை இறங்குகிறது, 1981 முதல் கிடைக்கிறது. ஆனால் அது முக்கியமாக மேக உச்சியின் குளிர்ச்சியை வைத்து மழையை ஊகிக்கிறது. மலையில் மோதித் தாழ்வாகத் தவழும் மேகம் அவ்வளவு குளிராமலே விடாமல் பெய்யும்; அது குறைவாகத்தான் தெரியும். உங்கள் பழனி மலையிலும் அதே கதைதான். தரையில் அளந்த கணக்கோடு மாதவாரியாகச் சரிசெய்துகொண்டு, பெய்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ளப் பயன்படுத்துங்கள்.

*பள்ளி மொட்டைமாடியில் மழைமானி வைக்கலாமா?*
*– ஆசிரியர், கோத்தகிரி*

வேண்டாம், காற்று மழையைத் தள்ளிக்கொண்டு போய்விடும். மானியின் வாய் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும்படி மைதானத்தில் வையுங்கள். பக்கத்து மரம், கட்டடம் எதுவானாலும் அதன் உயரத்தைப்போல இரண்டு மடங்காவது தள்ளி. அளவுக் குடுவை உங்கள் மானிக்குரியதுதானா என்று பார்த்து வாங்குங்கள். 200 சதுர சென்டிமீட்டர் வாய்க்குரிய குடுவையில் 100 வாய் மானியின் தண்ணீரை அளந்தால் கோத்தகிரியில் பாதி மழைதான் பெய்யும்.