எட்டுப் பிளா, ஒன்பது காலி: பாட்டுக் கட்டுவோருக்கான கேள்வி பதில்

கேள்வி: ஆண்டிறுதி ஒன்றுகூடலில் பாடுவதற்கு, அயர்லாந்துக்காரரின் குடிப்பாட்டுப் பாணியில் தமிழிலேயே ஒரு பேய்க்கதைப் பாட்டை எங்கள் இசைக்குழு எழுதப் பார்க்கிறது. மெட்டை முதலில் போடுவதா, கதையை முதலில் பிடிப்பதா? (உப்புவெளி வாசகர்)

பதில்: கதைதான் முதல். அதுவும் மூன்று வசனத்தில் அடங்க வேண்டும்: இன்னார் செத்தார், இன்னது வேண்டித் திரும்பி வந்தார், கிடைத்ததும் போனார். பேய் கேட்கும் பொருள் சின்னதாக இருக்கட்டும். பழிவாங்க வரும் பேய் சினிமாவுக்குச் சரி. குடிப்பாட்டில் வரும் பேய்க்கு ஒரு வாய் குடியோ, கொடுக்காமல் விட்ட கடனோ, தொலைந்த தொப்பியோ போதும்.

அயர்லாந்தின் பழைய செத்த வீட்டை விளங்கிக்கொண்டால் இந்தப் பாணி விளங்கும். பிணத்தை வீட்டுக்குள்ளே கிடத்தி, அயலவர் இரவு முழுக்க விழித்திருப்பார்கள். மணிக்கூட்டை நிறுத்திவிடுவார்கள், கண்ணாடியை மூடிவிடுவார்கள். ஒரு பக்கம் பெண்கள் நம் ஒப்பாரியைப் போலவே ஒருவகைப் புலம்பல் பாட, மறுபக்கம் புகையிலை, குடி, கதை, விளையாட்டு. அழுகையும் சிரிப்பும் ஒரே அறையில் இருந்ததால்தான் அந்தப் பாட்டுகளில் பேய் வந்தாலும் ஒருவரும் எழும்பி ஓடுவதில்லை. ‘விஸ்கி’ என்ற சொல்லே ‘உயிர்த் தண்ணீர்’ என்று பொருள்படும் ஐரிஷ் சொல்லிலிருந்து வந்தது. 1860களில் அச்சேறிய ‘ஃபினிகன்ஸ் வேக்’ பாட்டில் பிணத்தின் மேல் விஸ்கி சிந்தியதும் செத்தவன் எழும்பிவிடுகிறான். அங்கே குடிதான் கதையின் ஆணி. உங்கள் கதையிலிருந்து குடியைக் கழற்றிப் பாருங்கள். கதை அப்போதும் நின்றால் அது பேய்ப்பாட்டு, குடிப்பாட்டு ஆகாது.

செத்தவன் எழும்பும் அந்தத் திருப்பத்தை அப்படியே எடுக்க வேண்டாம். நம் வழக்கத்திலேயே அதற்கு இணையான இடம் இருக்கிறது. எட்டாம் நாள் செலவு என்ற சடங்கில் செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படைக்கிறோம், கள்ளு சாராயம் உட்பட. படையலில் கள்ளை மறந்துவிட்டார்கள், அதைக் கேட்டுச் செத்துப்போன சம்மாட்டியின் (வலை முதலாளியின்) ஆவி இரவு தவறணைக்கு (கள்ளுக்கடைக்கு) வருகிறது என்று வைத்தால் ஆசை, குடி, பேய் மூன்றும் ஒரே முடிச்சில் விழுந்துவிடும்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நம் திருகோணமலையில் கடல் கொண்டுபோனவர்களும் போர் கொண்டுபோனவர்களும் இல்லாத குடும்பத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஆழிப்பேரலையில் போனவரையோ, காணாமல் போனவரையோ பேயாக்கிச் சிரிக்க வைக்காதீர்கள். வயது போய், பாயில் கிடந்து, ஊரே தூக்கி அனுப்பிய கிழவனே இந்தப் பாட்டுக்கு ஏற்ற ஆவி.

கேள்வி: ‘எட்டுச் செலவன்று எல்லாம் படைத்தார்கள், படையலில் கள்ளை மறந்து விட்டார்கள்’ என்று தொடங்கினோம். வாசிக்க நன்றாக இருக்கிறது, பாடும்போது நொண்டுகிறது. ஏன்? (கிண்ணியா வாசகர்)

பதில்: ஐரிஷ் ‘ஜிக்’ தாளத்தில் ஒவ்வொரு அடிக்கும் மூன்று தட்டு, நம் திஸ்ரம்: தகிட, தகிட. ஒரு வரிக்கு நாலு தகிட. தொடையில் தட்டியபடி உங்கள் வரியைச் சொல்லிப் பாருங்கள்: எட்-டுச்-செ, ல-வன்-று. இரண்டாம் தகிடவின் தலையில் ‘ல’ என்ற தனிக்குறில் விழுகிறது. தலைத்தட்டு பலமானது. அங்கே தனிக்குறில் வந்தால் வாய் தானாக இழுத்துவிடும், ‘செலாவன்று’ ஆகிவிடும். அடுத்த வரி இன்னும் மோசம். ‘படையலில்’ என்று ‘ப’வில் தட்டு விழுந்தால், கேட்பவர் காதுக்கு அது ‘பாடையலில்’. செத்த வீட்டுப் பாட்டில் பாடை தானாக நுழைந்துவிடும்!

ஆகவே தலைத்தட்டில் நெடிலோ, ஒற்றடுத்த குறிலோ இருக்க வேண்டும். தனிக்குறில் இரண்டாம் மூன்றாம் தட்டுக்குப் போகட்டும். ஆங்கிலத்தில் சொல்லின் அழுத்தத்தை வைத்துத் தாளம் கட்டுவார்கள். தமிழுக்கு ஒலி நீளும் அளவுதான் தாளம். உங்கள் கதையை இப்படித் திருத்திக் கட்டலாம்:

எட்டாம்நாள் வீட்டிலே எல்லாம் படைச்சாங்க
கட்டாவும் பாரையும் காய்ச்சி முடிச்சாங்க
முட்டிக்கள் மட்டுந்தான் முன்னால வைக்கல்ல
செத்தசம் மாட்டிக்குக் கண்மூட ஏலல்ல

‘படைச்சாங்க’ இங்கேயும் இருக்கிறது. ஆனால் ‘எல்லாம்ப, டைச்சாங்க’ என்று பிரிவதால் ‘ப’ முந்திய தகிடவின் கடைசித் தட்டில் ஒளிந்துகொண்டு, ‘டைச்’ தலையில் ஏறுகிறது. வரி முடிவில் இரண்டிரண்டாக இயைபு வைத்தால் போதும். எட்டாம், கட்டாவும், முட்டி என்ற எதுகை நமக்குக் கிடைக்கும் மேலதிக வரவு. ஐரிஷ் மொழிப் பாட்டுகளிலும் வரிக்குள்ளே உயிரோசை ஒத்துப்போவது பெரிய அழகு, ஆகையால் எதுகை அந்தப் பாணிக்கு அந்நியமில்லை. மொழி பேச்சுமொழியாகவே இருக்கட்டும். ‘படைத்தார்கள்’ என்றவுடன் மேடைப்பேச்சு மணக்கிறது.

கேள்வி: எங்கள் பல்லவி எட்டு வரி. கூட்டம் சேர்ந்து பாட மாட்டேன் என்கிறது. (நிலாவெளி வாசகர்)

பதில்: எட்டு வரியை ஒருவரும் ஒருதரம் கேட்டுப் பிடிக்க மாட்டார்கள். இரண்டு வரி எழுதி இரண்டு தரம் பாடுங்கள். கணக்கும் சரியாக வரும். ஜிக் மெட்டுக்கு எட்டு எட்டு அளவாக இரண்டு பகுதி, ஓர் அளவுக்கு இரண்டு தகிட. நாலு வரிச் சரணம் முதல் பகுதியை நிறைக்கும், இரட்டித்த பல்லவி இரண்டாம் பகுதியை நிறைக்கும்.

கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாவைக் கவனியுங்கள். முன்பாட்டுக்காரர் புதிது புதிதாகச் சொல்வார், இழுப்பவர்கள் சொல்வது மாறாது. மாறாத அந்த வரிதான் எல்லாக் கைகளையும் ஒன்றாக இழுக்க வைக்கிறது. பல்லவியும் அப்படித்தான்: சொல் மாறக் கூடாது, கதை நகர நகர அதன் பொருள் மாற வேண்டும். எழுத மிகக் கடினமான இடமும் இதுதான், நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்குங்கள். எடுத்துக்காட்டு:

ஊத்துங்க ஊத்துங்க சொட்டொன்றும் சிந்தாம
வந்தவன் ஆரெண்டு வாசலில் கேக்காம

முதல் தரம் பாடும்போது இது வெறும் விருந்தோம்பல். மூன்றாம் சரணத்தில் கதவு தட்டப்பட்ட பிறகு பாடினால் ‘ஆரெண்டு கேக்காம’ என்ற இடத்தில் உடம்பு சிலிர்க்கும். கடைசிச் சரணம் இப்படி முடிந்தால் (பிளா என்பது கள்ளுக் குடிக்கும் ஓலைக் கிண்ணம்):

எட்டுப் பிளாவைச்சம் ஒம்பது தீந்திட்டு
முட்டியும் வத்திட்டு வெள்ளாப்பும் வந்திட்டு

அதன்பின் அதே பல்லவியைப் பாடும் ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரை ஒருதரம் திரும்பிப் பார்ப்பார்கள். ‘பேய்’ என்ற சொல்லைப் பாட்டில் எங்கேயும் பாவிக்காதீர்கள். முகத்தைக் கோணி, குரலை நடுக்கிப் பாடவும் வேண்டாம். மீன் விலை சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னால்தான் பயமும் வரும், சிரிப்பும் வரும்.

ஆறு சரணம் அளவானது: மறந்த படையல், மழை இரவுத் தவறணை, கதவுத் தட்டு, வந்தவர் வலைபாடு விசாரிப்பது, குடித்துத் திருப்திப்படுவது, விடியலில் பிளாக்களை எண்ணுவது. நிமிடத்துக்கு 100 தகிட வேகத்தில் ஆறு சரணமும் பல்லவிகளும் ஏறக்குறைய இரண்டு நிமிடம். இடையில் இரண்டு தரம் கருவியிசை விட்டால் மூன்று நிமிடத்தை நெருங்கும். இந்த வேகத்தைத் தாண்டினால் ‘முட்டிக்கள் மட்டுந்தான்’ நாக்கில் சிக்கும், கதை கேட்காது.

கேள்வி: எங்களிடம் ஒரு கிட்டார், ஒரு றபான், ஒரு புல்லாங்குழல். பைலா அடித்துப் பழகிய கை. சரிவருமா? (பாலையூற்று வாசகர்)

பதில்: பாதி வேலை முடிந்தது. பறங்கியரின் கப்ரிஞ்ஞாவும் பைலாவும் ஆறு தட்டுத் தாளம், ஜிக்கும் ஆறு தட்டு. வித்தியாசம் அழுத்தத்தில். பைலாவில் கிட்டார் தாளத்தைக் குறுக்கே வெட்டிப்போகும், இடுப்பு ஆடுவது அதனால்தான். ஜிக்கில் ஒன்றிலும் நாலிலும் நேராகப் போட வேண்டும். கை பழக்கத்தில் வெட்டினால் பாட்டு நல்ல பைலாவாகிவிடும், ஐரிஷ் வாசம் போய்விடும். முதல் இரண்டு ஒத்திகையில் கிட்டார் தகிடவின் தலையில் மட்டும் ஒரு அடி போடட்டும்.

அயர்லாந்தின் ‘போரான்’ ஆட்டுத்தோல் போர்த்திய ஒருபக்க மேளம், சிறு தடியால் அடிப்பது, மற்றக் கையை உள்ளே தோலில் அழுத்திச் சுருதியை ஏற்றி இறக்குவார்கள். றபானிலும் அதே வித்தை செய்யலாம். வாடைக்காற்று மாதங்களில் ஈரம் ஏறித் தோல் தொய்ந்து ‘பொத்’ என்று கேட்கும், பாட்டுக்கு முன் தணலுக்குத் தூரமாகப் பிடித்துக் காயவையுங்கள்.

சுரத்துக்கு ஹரிகாம்போஜி எடுங்கள், பழைய ஐரிஷ் மெட்டுகளில் அந்தச் சுரவரிசை நிறைய. இருண்ட நிறம் வேண்டுமென்றால் கரகரப்பிரியா. பேய்ப்பாட்டென்று சோகமாக இழுப்பதைவிட, ஹரிகாம்போஜியில் விறுவிறுவென்று போவதே இந்த வகைக்குப் பொருத்தம். கமகம் வேண்டாம். சுரத்தை அசைக்காமல் நேராகப் பிடியுங்கள், அசைத்தால் கச்சேரி. கிட்டாரில் டி, சி, ஜி மூன்றும் போதும். பழக்கத்தில் ஏ மேஜரைத் தொடாதீர்கள்: அதிலுள்ள சி ஷார்ப், மெட்டிலுள்ள சாதாரண சி-யோடு மோதி அபசுரமாகும். மெட்டின் உச்சியைச் சரணத்தின் மூன்றாம் வரியில் வையுங்கள், நாலாம் வரி தொடங்கிய இடத்துக்கே இறங்கட்டும்.

கேள்வி: சுவாமி மலையிலிருந்து குதித்ததாகச் சொல்லப்படும் ஒல்லாந்தப் பெண்ணை ஆவியாக வைக்கலாமா? (நகர வாசகி)

பதில்: வேண்டாம். மலைமேல் 1687 என்று பொறித்து நிற்கும் தூணைச் சுற்றி வழங்கும் செவிவழிக் கதை காதல் துயரம். அதற்கு மெதுவான புலம்பல் பாட்டு வேண்டும், பிளாவோடு சேராது. கோணேசர் சந்நிதிப் பக்கத்தைக் குடிப்பாட்டுக்குள் இழுப்பதும் அழகில்லை.

கேள்வி: பாட்டை முடிக்கத் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் கடைசி வரி இழுபட்டு, கைதட்டுவதா வேண்டாமா என்று கூட்டம் தடுமாறுகிறது. (மூதூர் வாசகர்)

பதில்: அயர்லாந்தின் பழைய பாடகர்களிடம் இதற்கு ஒரு வழக்கம் உண்டு: கடைசிச் சொற்களைப் பாடாமல் பேசிவிடுவார்கள். கடைசிப் பல்லவியில் ‘வந்தவன் ஆரெண்டு’ வரைக்கும் எல்லாரும் பாடி, கிட்டாரும் றபானும் சட்டென்று நிற்கட்டும். ஒருவர் மட்டும், பக்கத்து ஆளோடு கதைக்கும் குரலில் ‘வாசலில் கேக்காம’ என்று சொல்லிவிட்டுப் பிளாவைக் கவிழ்த்து வைக்கட்டும். யார் சொல்வது என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள், இரண்டு பேர் சொன்னால் கெட்டுப்போகும்.