1901 மிச்சிகன் அணியின் ஸ்கோர்: கணக்கு ஏன் உதைக்கிறது?

கேள்வி: பழைய விளையாட்டு அணிகளைப் பற்றி ஒரு மாத இதழில் தொடர் எழுதுகிறேன். அடுத்தது, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) அணி 1901இல் ஆடிய பருவம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு எதிராக மிச்சிகன் 8 டச் டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்ப்பது), அவற்றை அடுத்து 4 உதைகள், 1 ஃபீல்டு கோல் (ஆட்டத்தின் நடுவே கம்பங்களுக்கு இடையே பந்தை உதைப்பது) எடுத்ததாகக் குறிப்பு இருக்கிறது. கூட்டினால் 55 வருகிறது. ஆனால் ஸ்கோர் 49 என்கிறார்கள். எது சரி? அந்த ஆட்டத்தின் தேதி 1902 என்று இருக்கிறது, அதை 1901 பருவத்தில் சேர்க்கலாமா? அவர்களைத் தேசிய சாம்பியன் என்று எழுதலாமா?

பதில்: 49தான் சரி. நீங்கள் கூட்டியதில் தவறில்லை. இன்றைய விதியை வைத்துக் கூட்டிவிட்டீர்கள். 1901இல் டச் டவுனுக்கு 5 புள்ளி, அதன் பின் உதைக்கும் கோலுக்கு 1, ஃபீல்டு கோலுக்கு 5, பந்தை வைத்திருக்கும் அணியைத் தன் எல்லைக்கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கும் சேஃப்டிக்கு 2. இப்போது போட்டுப் பாருங்கள்: 40, 4, 5. ஃபீல்டு கோலின் மதிப்பு 1904இல் 4 ஆகவும் 1909இல் 3 ஆகவும் குறைந்தது. டச் டவுன் 6 புள்ளியானது 1912இல். அந்தக் காலத்து அணி எதைப் பற்றி எழுதினாலும் முதலில் ஆண்டைப் பாருங்கள், பிறகு ஸ்கோரைத் தொடுங்கள். பழைய ஸ்கோரை இன்றைய மதிப்புக்கு மாற்றி எழுதும் பழக்கம் சிலருக்கு உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த வீரர்கள் ஆடியது அந்தப் புள்ளிகளுக்காகத்தான்.

8 டச் டவுனுக்கு 4 உதைதானா என்று உங்கள் வாசகர்கள் நிச்சயம் கேட்பார்கள். இன்று பந்தைக் கம்பங்களுக்கு நேர் எதிரே வைத்து உதைக்கிறார்கள். அன்று, எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தை எந்த இடத்தில் தரையில் வைத்தார்களோ, அந்த இடத்துக்கு நேராகப் பின்னால் வந்துதான் உதைக்க வேண்டும். மைதானத்தின் மூலையில் போய் விழுந்தவருக்குக் கம்பங்கள் ஏறக்குறைய ஒன்றன் மேல் ஒன்றாகத் தெரியும். அதைத் தவிர்க்க ஒரு வழி இருந்தது. கோட்டருகே நின்று ஒருவர் பந்தை மைதானத்துக்குள் உதைப்பார், தன் அணிக்காரர் ஒருவர் அதைப் பிடித்தால் பிடித்த இடத்திலிருந்து கோலுக்கு முயலலாம். பிடி தவறினால் அந்த 1 புள்ளிக்கான வாய்ப்பும் போயிற்று. இந்த நுணுக்கத்துக்கு உங்கள் கட்டுரையில் ஒரு பத்தி கொடுங்கள். ஆட்டம் கண்முன் வந்துவிடும்.

மற்ற விதிகளைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மைதானம் 110 கெஜம். 3 முயற்சியில் 5 கெஜம் முன்னேற வேண்டும். பந்தை முன்னோக்கி எறிய அனுமதி கிடைத்தது 1906இல்தான். அதுவரை ஓட்டமும் முட்டலும் உதையுமே ஆட்டம். அதில் வேகத்தைப் புகுத்தியவர் மிச்சிகன் பயிற்சியாளர் ஃபீல்டிங் யோஸ்ட். ஒரு முயற்சி முடிந்து எதிரணி எழுந்து நிற்பதற்குள் அடுத்ததைத் தொடங்கச் சொல்வார். ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று விரட்டியதே அவருக்குப் பட்டப்பெயராக நிலைத்தது.

அந்தப் பருவத்தில் 11 ஆட்டம், 11 வெற்றி, எல்லா ஆட்டங்களையும் கூட்டினால் 550-0. பஃபலோவை 128-0 என்று அடித்ததைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். அல்பியன் (50), பெலாய்ட் (89) போன்ற சிறு கல்லூரிகளோடு எடுத்த புள்ளிகளை வைத்து அணியை எடைபோட வேண்டாம் என்பேன். பாப் வார்னர் பயிற்சியளித்த கார்லைல் அணியோடு 22-0, ஒஹையோ ஸ்டேட்டோடு 21-0, அலோன்சோ ஸ்டாக் பயிற்சியளித்த சிகாகோவோடு 22-0. இவைதான் உண்மையான சோதனைகள். அவற்றிலும் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்கவில்லை என்பதே என்னை வியக்க வைக்கிறது. என்னைக் கேட்டால், 550ஐவிட அந்தப் பூஜ்யம்தான் பெரிது.

ஸ்டான்ஃபோர்டு ஆட்டம் 1902 ஜனவரி 1 அன்று கலிஃபோர்னியாவின் பாசடீனாவில், அவ்வூரின் புத்தாண்டு ரோஜா விழாவையொட்டி நடந்தது. இலையுதிர் காலத்தில் தொடங்கிய பருவத்தின் கடைசி ஆட்டம் என்பதால் 1901 கணக்கிலேயே வரும். 550 என்ற கூட்டுத்தொகையில் இந்த 49ம் அடக்கம். இதை முதல் ரோஸ் பவுல் (பாசடீனாவில் புத்தாண்டையொட்டி நடக்கும் கல்லூரிக் கால்பந்து ஆட்டம்) என்று இன்று சொல்கிறோம். அன்று அந்தப் பெயர் கிடையாது, அந்த மைதானமும் கிடையாது. ரோஸ் பவுல் மைதானம் திறந்தது 1922இல். ஆகவே ‘ரோஸ் பவுல் மைதானத்தில் ஆடினார்கள்’ என்று எழுதிவிடாதீர்கள்.

இந்த ஆட்டத்தில் கதைக்குப் பஞ்சமில்லை. 1900இல் ஸ்டான்ஃபோர்டுக்குப் பயிற்சியாளராக இருந்தவரே யோஸ்ட். அங்கே இனி முன்னாள் மாணவர்தான் பயிற்சியாளராகலாம் என்று முடிவானதால் மிச்சிகனுக்கு வந்தவர், அதே அணியை எதிர்த்து நின்றார். இடைவேளையில் 17-0. நீல் ஸ்னோ மட்டும் 5 டச் டவுன். மிச்சிகன் மாற்று ஆட்டக்காரர் யாரையும் இறக்கவில்லை; தொடங்கிய 11 பேரே கடைசிவரை ஆடினார்கள். 8 நிமிடம் மீதமிருக்கையில் ஸ்டான்ஃபோர்டு தலைவர் போதும் என்று கேட்டுக்கொள்ள, ஆட்டம் அங்கேயே முடிந்தது. இப்படி ஒருபக்கமாகப் போனதால் பாசடீனா விழாக்காரர்கள் கால்பந்தையே கைவிட்டார்கள். அடுத்த ஆண்டு போலோ, பிறகு தேர்ப் பந்தயம். கால்பந்து திரும்பியது 1916இல்.

‘தேசிய சாம்பியன்’ என்பதைக் கவனமாக எழுதுங்கள். அன்று அப்படி ஓர் இறுதிப்போட்டியும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. ஹெல்ம்ஸ் அறக்கட்டளை போன்ற அமைப்புகள் பல ஆண்டுகள் கழித்துப் பழைய பருவங்களை எடைபோட்டு மிச்சிகனைத் தேர்ந்தெடுத்தன. அதே ஆண்டு ஹார்வர்டும் ஆடிய 12 ஆட்டங்களிலும் வென்றிருக்கிறது. ‘பின்னாளில் தேசிய சாம்பியனாக அங்கீகரிக்கப்பட்ட அணி’ என்று எழுதினால் யாரும் குறைசொல்ல முடியாது.