பழைய ராணுவ ஹெலிகாப்டருக்குப் புது இன்ஜின் போதுமா?

நாற்பதாண்டு பழைய ராணுவ ஹெலிகாப்டர்களில் புதிய இன்ஜினையும் டிஜிட்டல் திரைகளையும் பொருத்திவிட்டால் பாதிச் செலவில் வேலை முடிந்துவிடாதா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பெரும்பாலும் முடியாது. ஓயாத அதிர்வில் உலோகம் அயர்ந்து, தரைப்பலகைக்கு அடியிலுள்ள சட்டங்களில் விரிசல் விடுவதும், மேலே விசிறியைச் சுழற்றும் பிரதான கியர்பாக்ஸ் தேய்வதும்தான் ஹெலிகாப்டரின் முதுமை. கியர்பாக்ஸ் எண்ணெய்க்குள் சிறிய காந்தச் செருகி ஒன்று இருக்கும். அதைக் கழற்றித் துடைக்கும்போது துணியில் உலோகச் செதில்கள் ஒட்டி வந்தால், விமானி அறையில் எத்தனை வண்ணத் திரைகள் ஒளிர்ந்தாலும் அன்று பறப்பதற்கில்லை.

புது இன்ஜினின் கூடுதல் வலுவும் முழுமையாகக் கைக்கு வராது, பழைய கியர்பாக்ஸ் தாங்கும் முறுக்குவிசைதான் எல்லை. உயர்ந்த மலைப்பகுதி மட்டும் இதற்கு விதிவிலக்கு. மெல்லிய காற்றில் இன்ஜின் சோர்ந்துவிடுவதால் கியர்பாக்ஸின் தாங்குதிறனில் ஒரு பகுதி சும்மா கிடக்கும். வலுவான இன்ஜின் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். சியாச்சின் போன்ற உயரங்களுக்கென இந்தியா தன் பழைய சீட்டா ஹெலிகாப்டரின் உடலில் வேறு இன்ஜினைப் பொருத்திச் சீட்டல் என்ற ரகத்தை உருவாக்கியது இந்தக் கணக்கில்தான். ஆனால் அந்த உடல் 1969இல் முதன்முதலாகப் பறந்த வடிவமைப்பு என்பது மாறவில்லை. சமவெளியில் பறப்பவர்கள் இதை முன்னுதாரணமாகக் காட்டி நிதி கேட்டால் ஏற்க வேண்டியதில்லை.

மின்னணுக் கருவிகள் இன்னொரு சிக்கல். ஆஸ்திரேலியா 1997இல் பழைய உடல்களைப் புதுப்பித்து 11 சீஸ்பிரைட் ஹெலிகாப்டர்கள் பெற ஒப்பந்தம் போட்டது. புதிய மென்பொருள் அவற்றோடு ஒழுங்காக இணையாமலே ஆண்டுகள் கரைய, நூறு கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் செலவான பின் 2008இல் திட்டத்தைக் கைவிட்டது. புதிது வாங்கக் கோரும் கோப்பு ஒவ்வொரு மேசையிலும் உறங்கி எழுவதற்குள் அதற்கான காலம் கடந்துவிடுகிறது. பிறகு 'இடைக்கால மேம்பாடு' என்ற பெயரில் இத்தகைய திட்டங்களே வந்து நிற்கின்றன.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது உதிரிபாகத் தரகர்களைத்தான். உற்பத்தி நின்றுபோன ரகத்துக்குப் பாகம் கிடைக்காதபோது, சாயம் பூசிப் பளபளப்பாக்கிய விசிறி இறக்கையோடு, பார்வைக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு சான்றிதழையும் சேர்த்தே கொண்டுவருவார்கள். அந்த இறக்கை எந்த ஹெலிகாப்டரில் எத்தனை மணி நேரம் பறந்தது என்று தொடக்கம் முதல் விடுபடாத பதிவு இல்லையென்றால், இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

ஆகவே மேம்பாட்டை ஆதரித்து யார் பேசினாலும், உடலிலும் கியர்பாக்ஸிலும் இன்னும் எத்தனை பறப்பு மணிகள் மீதமிருக்கின்றன, அந்த ஹெலிகாப்டர்கள் பணிமனையில் கிடக்கும் காலத்தில் வேறு எத்தனை பறக்கும் என்று கேளுங்கள். இந்த இரண்டுக்கும் எண்ணிக்கையில் பதில் வராவிட்டால் புதிது வாங்குவதே மலிவு.